சீரிஸுக்கு முன்னால் சண்டை போடுவது எப்படி: ஒரு ரங்கூன் இட்லிக் கடை நோட்டு

நியூயார்க்கில் ராத்திரி எட்டு மணி என்றால் ரங்கூனில் மறுநாள் காலை ஆறரை. எங்கள் கடையில் இரண்டாவது ஈடு இட்லி இறங்குகிற நேரம். அமெரிக்க மேற்குக் கரைக் கூடைப்பந்து அணிகளின் ராத்திரி ஆட்டம் இங்கே எட்டரைக்குத் தொடங்கும், அப்போது தோசைக்கல் நல்ல சூட்டில் இருக்கும். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை என்பிஏ லீக்கின் ப்ளேஆஃப், அதாவது சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள், எங்களுக்குக் காலைப் பலகாரத்தோடுதான் வருகிறது. சனி ஞாயிறு மட்டும் தொல்லை. அங்கே பகல் ஆட்டம் வைத்தால் இங்கே பேய் உலவுகிற நேரம்.

கடை இருப்பது அனோரதா ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு சந்தில். என் அப்பா கடைசிவரை அந்த ரோட்டைப் பிரேசர் தெரு என்றுதான் சொன்னார். சாப்பிட வருகிறவர்கள் நிறையப் பேர், சண்டைக்காரர்கள் மூன்று பேர். ஒருவன் என் தம்பி, நியூயார்க் நிக்ஸ் அணியின் கட்சி. இன்னொருவர் பக்கத்தில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கும் காக்கா. கீழக்கரைப் பூர்வீகம், அங்கே காக்கா என்றால் அண்ணன். லேக்கர்ஸ் அணியின் பழைய நட்சத்திரம் மேஜிக் ஜான்சன் பேரைக் கேட்டு வளர்ந்தவர், லேக்கர்ஸ் வெளியேறிவிட்டால் என் தம்பி எந்தக் கட்சியோ அதற்கு எதிர்க்கட்சி. மூன்றாவது, லத்தா என்கிற சீனர் பேட்டைப் பக்கத்துப் பையன், போன் ரிப்பேர் கடையில் வேலை. வழியில் மீன் குழம்பு நூடுல்ஸான மொஹிங்கா விற்கிற இரண்டு கடையைத் தாண்டி இங்கே வருகிறான் என்றால் இட்லிக்காக இல்லை. என்னை ‘அமா’ என்பான், பர்மியத்தில் அக்கா. அவனுடைய தமிழ் முழுக்க இந்தக் கடையில் கற்றது, அதனால் திட்டுகிற வார்த்தைகள் மட்டும் பிசிறில்லாமல் வரும்.

நான் பந்தைத் தொட்டது எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் நோட்டு என்னிடம் இருக்கிறது. ஒரு சீரிஸ், அதாவது அதே இரண்டு அணி திரும்பத் திரும்ப மோதுகிற ஆட்ட வரிசை, வருகிறது, நாலு பேர் கூடுகிறீர்கள், பழைய சீரிஸ்களை இழுத்துப் பேசப்போகிறீர்கள் என்றால் அதை எப்படி ஒழுங்காகச் செய்வது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நோட்டு. சாதாரணக் கடன் கணக்கு நோட்டு போதும். பேனாவை நூலில் கட்டி ஆணியில் தொங்கவிடுங்கள். ஏன் நூல் என்பது தானாகத் தெரியவரும்.

எங்கள் நோட்டு பிறந்தது 2013 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தன்று. மயாமி ஹீட்டும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸும். சீரிஸில் ஸ்பர்ஸ் 3-2 முன்னால். அந்த ஆட்டத்தில் இருபத்தெட்டு விநாடி மிச்சம் இருக்கும்போது ஐந்து பாயிண்ட் மேலே. மயாமி ரசிகர்களில் பலர் அரங்கத்தை விட்டே கிளம்பிவிட்டார்கள், கோப்பை கொடுக்க மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் மயாமியின் லெப்ரான் ஒரு த்ரீ, அதாவது தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து மூன்று பாயிண்ட், போட்டார், ஸ்பர்ஸ் ஃபவுலுக்குக் கிடைத்த ஒரு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார்கள். லெப்ரான் அடுத்ததைத் தவறவிட, அவர் அணியின் பாஷ் பந்தைப் பிடித்து மூலைக்குத் தள்ள, ரே ஆலன் பின்னால் நகர்ந்துகொண்டே ஒரு த்ரீ போட்டார். 5.2 விநாடி மிச்சம், 95-95. ஓவர்டைமில் மயாமி 103-100. ஏழாவதையும் அவர்களே ஜெயித்தார்கள்.

அன்று காலை கடையில் பதினோரு பேர் இருந்தார்கள். பதினோரு பேரும் பிற்பகலுக்குள் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்றார்கள். ஆட்டம் முடியுமுன்பே காசு கொடுத்துவிட்டு எழுந்துபோன ஒருவரும் அதில் சேர்த்தி. எனக்கு அன்று வந்த எரிச்சலில் பால்கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, இனிமேல் வாயால் சொன்னது செல்லாது, எழுதியது மட்டும்தான் செல்லும் என்று எழுதிவைத்தேன்.

எழுதவேண்டியது யார், எத்தனை ஆட்டத்தில், ஏன். மூன்றும் வேண்டும். ‘நிக்ஸ்’ என்று மட்டும் எழுதுவது கடைக்கு வந்து ‘சாப்பாடு’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பதைப் போல. எத்தனை ஆட்டம் என்பதில்தான் நீங்கள் யோசித்தீர்களா என்பது தெரியும். சீரிஸ் ஏழு ஆட்டம், நாலு ஜெயித்தால் முடிந்தது. சீசனில் மேலே முடித்த அணிக்கு 1, 2, 5, 7 வீட்டில். மற்றதற்கு 3, 4, 6. இப்போது கணக்குப் போடுங்கள். மேல் அணி ஆறில் ஜெயிக்கும் என்றால் கடைசி ஆட்டத்தை எதிரி வீட்டில் போய் முடிக்கவேண்டும். கீழ் அணி ஏழில் ஜெயிக்கும் என்றால் அதுவும் எதிரி வீட்டில்தான், அதுவும் கழுத்தில் கத்தி இருக்கும் நாளில். கீழ் அணி ஆறில் என்றால் தன் வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம். ஆறு, ஏழு என்று வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கிறவனிடம் ‘எந்த ஊரில் முடிகிறது?’ என்று கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

‘ஏன்’ என்ற கட்டத்தில் ஒரே ஒரு காரணம். அது பொய்யாகிப்போகக்கூடிய காரணமாக இருக்கவேண்டும். ‘அவங்களுக்கு வெறி இருக்கு’, ‘இந்த வருஷம் அவங்க வருஷம்’ இதெல்லாம் நான் அடித்துவிடுவேன். ஒரு தடவை காக்கா ‘அவங்க பசியோட இருக்காங்க தங்கச்சி’ என்று எழுதச் சொன்னார். பசியோடு இருப்பவர்கள் உட்காருங்கள், இட்லி இருக்கிறது என்றேன்.

இனி விஷயத்தின் நெஞ்சுக்கு வருகிறேன். சண்டையில் முக்கால் பங்கு பழைய சீரிஸ்தான். பழைய சீரிஸ் என்பது சாட்சி. சாட்சியைக் கூண்டில் ஏற்றினால் குறுக்கு விசாரணை செய்யாமல் இறக்கக்கூடாது.

2025 மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லீக்கின் கிழக்குப் பிரிவு இறுதியில் நியூயார்க் நிக்ஸும் இண்டியானா பேசர்ஸும் மோதப்போகிறார்கள். நிக்ஸ் சீசனில் 51 வெற்றி, பேசர்ஸ் 50. முதல் இரண்டு ஆட்டம் நியூயார்க்கில். இந்த இரண்டு அணிகளும் ப்ளேஆஃபில் அதற்குமுன் எட்டுத் தடவை மோதியிருக்கின்றன, பேசர்ஸ் ஐந்து, நிக்ஸ் மூன்று. சண்டைக்கு இதைவிட நல்ல விறகு கிடைக்காது.

காக்கா முதல் இட்லியைப் பிட்டபோதே 1995-ஐ எடுத்தார். பேசர்ஸின் ரெஜி மில்லர். நியூயார்க்கில் முதல் ஆட்டம், 18.7 விநாடி மிச்சம், பேசர்ஸ் ஆறு பாயிண்ட் பின்னால். மில்லர் ஒரு த்ரீ, பந்தைப் பறித்து இன்னொரு த்ரீ, அப்புறம் இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்பது விநாடிக்குள் எட்டுப் பாயிண்ட், 107-105. என் தம்பி விடுவானா? 1999-ஐக் கொண்டுவந்தான். மூன்றாவது ஆட்டத்தில் நிக்ஸின் லாரி ஜான்சன் த்ரீ போட்டு, ஃபவுலும் வாங்கி, நாலு பாயிண்டாக்கி, 92-91.

“அந்த சீரிஸ்ல எங்க யூயிங்கே நடுவுல விழுந்துட்டாரு காக்கா. இரண்டாவது ஆட்டத்தோட சரி. அப்பவும் ஆறுல முடிச்சோம்.”

“நீ எங்கடா முடிச்ச? நீ அன்னைக்கு டவுசர் போட்டுக்கிட்டு சின்லோன் பந்து உதைச்சுக்கிட்டு இருந்த.”

இந்த இடத்தில்தான் நோட்டுக்காரி புகவேண்டும். நான் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றே: அன்று மைதானத்தில் நின்றவர்களில் எத்தனை பேர் இன்று நிற்கிறார்கள்? மில்லர் இப்போது டிவியில் பேசுகிறார், ஜான்சன் ஓய்வு பெற்று எத்தனையோ காலம். ஜெர்சி நிறத்தைத் தவிர மிச்சம் எதுவும் இல்லை. அதனால் சாட்சி செல்லாது என்றேன்.

சீனப் பையன் டம்ளரை வைத்தான். “அமா, ரெண்டு பேர் இருக்காங்க.”

இருந்தார்கள். பேசர்ஸ் கோச் ரிக் கார்லைல் 1997-லிருந்து 2000 வரை அப்போதைய கோச் லாரி பேர்டுக்கு உதவி கோச்சாக அதே பேசர்ஸ் பெஞ்சில் இருந்தவர். 2025 சீரிஸில் நிக்ஸ் கோச்சாக இருந்த டாம் திபடோ அதே காலத்தில் நிக்ஸின் உதவி கோச். 1998, 1999, 2000, மூன்று சீரிஸிலும் இரண்டு பேரும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். போதாததற்கு, 1999-இல் நிக்ஸ் அணியில் இருந்த ரிக் பிரன்ஸனின் மகன்தான் 2025 நிக்ஸின் ஜேலன் பிரன்ஸன். அப்பாவும் அந்த வருஷம் நிக்ஸின் உதவி கோச். நான் ஒருவரும் இல்லை என்று தீர்ப்பு எழுதியிருந்தேன். அடித்துவிட்டு, ‘கோச் மட்டும்’ என்று திருத்தினேன். ஆக அந்தக் கேள்வியை முழுசாகக் கேளுங்கள். ஆடுகிறவர்களை மட்டும் எண்ணாதீர்கள், பெஞ்சையும் பாருங்கள். கோச்சுக்குப் பழைய சீரிஸ் ஞாபகம் மட்டும் இல்லை, வீட்டுப்பாடமும்.

கிட்டத்து சாட்சி 2024. அதே இரண்டு அணி, இரண்டாவது சுற்று, பேசர்ஸ் ஏழில் ஜெயித்தது. ஏழாவது ஆட்டம் நியூயார்க்கில், 130-109. அன்று பேசர்ஸ் எறிந்ததில் 67.1 சதவீதம் உள்ளே போனது, ப்ளேஆஃப் வரலாற்றில் அதுதான் உச்சம். அது ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டம், இங்கே பின்னிரவு. எங்களில் ஒருவரும் விழித்திருந்து பார்க்கவில்லை. ஆனால் மூன்று பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாதிரியே சாட்சி சொன்னார்கள். இதுவும் கேட்கவேண்டிய கேள்வி: முழு ஆட்டம் பார்த்தாயா, இரண்டு நிமிஷத் துண்டுப் படம் பார்த்தாயா? துண்டுப் படத்தில் எல்லாப் பந்தும் உள்ளே போகும்.

2024-ஐ இரண்டு விதமாகப் படிக்கலாம், இரண்டும் நியாயமே. தம்பி சொன்னது: ராண்டில் தோள் அறுவை செய்து சீரிஸ் முழுக்க இல்லை, அனுனோபிக்கு இரண்டாவது ஆட்டத்தில் தொடைத் தசை போயிற்று, பிரன்ஸனுக்கு ஏழாவது ஆட்டத்தில் கை உடைந்தது. கால் உடைந்தவனை ஓட்டத்தில் ஜெயித்தது ஒரு ஜெயிப்பா? இப்போது எங்களுக்கு டவுன்ஸும் பிரிட்ஜஸும் வந்திருக்கிறார்கள், எல்லோரும் நலம். பையன் சொன்னது: பேசர்ஸில் ஹாலிபர்ட்டன், சியாகம், டர்னர், நெம்ஹார்ட், நீஸ்மித் எல்லோரும் அதே ஆட்கள். அவர்கள் ஒரு வருஷம் கூடுதலாகச் சேர்ந்து ஓடியிருக்கிறார்கள். நிக்ஸில் முதல் ஐந்து பேரை மாவாட்டுகிற மாதிரி ஓயாமல் ஆடவைக்கிறார் கோச். இவர்கள் ஓடி ஓடிக் களைக்கவைக்கிறவர்கள்.

சீசனில் நேருக்கு நேர் நிக்ஸ் 2-1 என்றான் தம்பி. அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம்? 2007-இல் 67 ஆட்டம் ஜெயித்த டல்லஸை எட்டாம் இடத்து கோல்டன் ஸ்டேட் ஆறில் தோற்கடித்தது. உலகமே வியந்தது. ஆனால் சீசனிலும் அவர்கள் டல்லஸை மூன்றுக்கு மூன்று அடித்திருந்தார்கள், அவர்களுடைய கோச் டான் நெல்சன் முன்பு டல்லஸ் கோச். நேருக்கு நேர்க் கணக்கு அன்று உண்மையைச் சொன்னது. 2-1 அப்படி எதையும் சொல்லாது. மூன்று ஆட்டம் என்பது மூன்று வாய் சோறு.

பழைய சாட்சியில் இன்னொரு பொறி இருக்கிறது, இதில் காக்கா அடிக்கடி விழுவார். விதிகள் மாறியிருக்கின்றன. 2002 வரை முதல் சுற்று ஐந்தே ஆட்டம், 2003-இலிருந்துதான் ஏழு. 1994-இல் எட்டாம் இடத்து டென்வர், முதலிடத்து சியாட்டிலை அடித்தது ஐந்து ஆட்டச் சீரிஸில். அதைக் காட்டி இன்றைய எட்டாம் அணிக்கு வாதாடினால் நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். அதேபோல இறுதிச் சுற்று 1985-லிருந்து 2013 வரை 2-3-2. நடு மூன்று ஆட்டமும் கீழ் அணி வீட்டிலேயே. 2006-இல் மயாமி 0-2 பின்னால் இருந்தும் கோப்பை வாங்கியதென்றால், வீட்டில் தொடர்ந்து மூன்று ஆட்டம் கிடைத்தது, மூன்றையும் ஜெயித்தார்கள். இன்று அந்த மூன்று கிடைக்காது. வருஷத்தைச் சொல்லும்போதே அப்போதைய அட்டவணையையும் சொல்லிவிடுங்கள்.

அன்று நோட்டில் விழுந்தது இது. தம்பி: நிக்ஸ் ஆறில், டவுன்ஸ் இருப்பதால். பையன்: பேசர்ஸ் ஆறில், அதே ஆட்கள் என்பதால். காக்கா: பேசர்ஸ் ஏழில். ‘ஏழாவது நியூயார்க்கில், தெரியுமில்ல?’ என்றேன். “1995லயும் அங்கதான் முடிச்சாங்க, 2024லயும் அங்கதான் முடிச்சாங்க” என்றார். உண்மை. 1995-இல் யூயிங் வளையத்துக்கு வெகு அருகிலிருந்து போட்டதைத் தவறவிட்டு 97-95. தம்பி 1994-இன் ஏழாவது ஆட்டம் நிக்ஸுடையது என்று முணுமுணுத்தான், அதுவும் உண்மை. இந்த மாதிரி ஒரு வாக்குவாதம் நடந்துவிட்டால் அன்று வடை தீய்ந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

நானும் எழுதினேன். நிக்ஸ் ஏழில். காரணம், அதற்கு முந்தின சுற்றில் பாஸ்டன் வீட்டில் முதல் இரண்டு ஆட்டத்திலும் இருபது பாயிண்ட் பின்னாலிருந்து எழுந்து ஜெயித்திருந்தார்கள். இப்படி எழுந்திருக்கிறவனை யார் வீழ்த்துவது என்று நினைத்தேன். பையன் என் எழுத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான், “அமா, ரெண்டு தடவை இருபது பாயிண்ட் ஏன் விழுந்தாங்க?” அவனுக்கு இன்னொரு சட்னி வைத்து வாயை அடைத்தேன். எல்லோரையும் குறுக்கு விசாரணை செய்த நான் என் சாட்சியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

காயத்துக்கு வருவோம். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்வரை யார் ஆடுகிறார்கள் என்ற பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், அதைப் பார்க்காமல் எழுதாதீர்கள். ஆனால் சீரிஸ் முடிந்தபின் வருகிற ‘அவன் இருந்திருந்தால்’ இருக்கிறதே, அதற்கு எங்கள் கடையில் அபராதம் உண்டு. ஒருவருக்கு ஒரு சீசனில் ஒரு ‘இருந்திருந்தால்’ இலவசம். இரண்டாவதிலிருந்து தலைக்கு ஒரு பருப்பு வடை, பர்மாக்காரர்கள் பயாஜோ என்பது. இல்லாவிட்டால் முடிவே கிடையாது. 2010-இன் ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டனுக்குப் பெர்கின்ஸ் இருந்திருந்தால். 2018-இல் ஹியூஸ்டனுக்குக் கடைசி இரண்டு ஆட்டத்தில் கிறிஸ் பால் இருந்திருந்தால். 2019-இல் கோல்டன் ஸ்டேட்டுக்கு டுரண்ட் இருந்திருந்தால், கிளே தாம்ஸன் விழாமல் இருந்திருந்தால். 2016-இல் 73 ஆட்டம் ஜெயித்த அதே கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 3-1 முன்னால் இருந்து தோற்றார்களே, ஐந்தாவது ஆட்டத்தில் டிரேமண்ட் கிரீன் தடைபடாமல் இருந்திருந்தால். அந்த வருஷம் மட்டும் நாற்பது வடை வசூல். 2020-க்கு வசூல் இல்லை, கொரோனாவால் ஒர்லாண்டோவில் அடைத்துவைத்து ஆடினார்கள், இங்கே கடையும் மூடியிருந்தது.

எண்களைப் பற்றிச் சுருக்கமாக. பந்து உள்ளே போகிற சதவீதத்தை நம்பி எழுதாதீர்கள், அது மழை மாதிரி. 2018-இன் ஏழாவது ஆட்டத்தில் ஹியூஸ்டன் தொடர்ந்து இருபத்தேழு த்ரீ தவறவிட்டது, அதே ஆட்கள்தான் சீசன் முழுக்கப் போட்டுத் தள்ளினார்கள். ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), பந்தைப் பறிகொடுப்பது, ஃப்ரீ த்ரோ வாங்குவது, இவை ஓரளவு நிலையானவை. 2025-இன் நாலாவது ஆட்டத்தில் ஹாலிபர்ட்டன் 32 பாயிண்ட், 15 அசிஸ்ட் (மற்றவர் போட உதவிய பாஸ்), ஒரு பந்தைக்கூடப் பறிகொடுக்கவில்லை. அந்தக் கடைசிப் பூஜ்யத்தை நான் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆட்டம் ஓடும்போது நடந்துகொள்ளவேண்டிய முறை ஒன்று உண்டு, ரங்கூன் மாதிரி மின்சாரம் முறை வைத்து வருகிற ஊருக்கு இது அவசியம். கடையில் இன்வெர்ட்டர் பேட்டரி விளக்குக்கும் ஒரு காற்றாடிக்கும்தான் தாங்கும், ஆட்டம் அவரவர் போனில். ஒரே ஆட்டம் நாலு போனில் நாலு நேரத்தில் ஓடும். ஒருவன் போனில் பந்து வளையத்தில் விழுந்திருக்கும், இன்னொருவன் போனில் அப்போதுதான் கையை விட்டுக் கிளம்பும், மூன்றாவதில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். சட்டம்: யார் போன் முன்னால் ஓடுகிறதோ அவர் முகத்தைக்கூட மாற்றக்கூடாது.

மே 22, வியாழக்கிழமை. முதல் ஆட்டம். மூன்று நிமிஷத்துக்கும் குறைவாக மிச்சம், நிக்ஸ் பதினாலு பாயிண்ட் மேலே. தம்பி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டாவது நெய்த் தோசை சொன்னான். நான் மாவை ஊற்றி வட்டமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். பையனுடைய போன்தான் எப்போதும் முன்னால் ஓடும். அவன் சட்டப்படி வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான், ஆனால் இட்லி ஊறிக்கொண்டிருந்த சாம்பாரில் அவன் கரண்டி அசையாமல் நின்றுவிட்டது. தம்பி அந்தக் கரண்டியைப் பார்த்தான். போனைத் திருப்பினான். நீஸ்மித் த்ரீ. மறுபடி நீஸ்மித். அந்தக் கடைசிக் குவார்ட்டரில் மட்டும் ஆறு. கடைசி விநாடியில் ஹாலிபர்ட்டன் எறிந்தது வளையத்தின் பின்விளிம்பில் பட்டு, கூரைக்குப் போகிற மாதிரி எழும்பி, நேராக உள்ளே இறங்கியது. மனிதர் ஜெயித்துவிட்டதாக நினைத்து, 1994-இல் மில்லர் செய்த அதே கழுத்தைப் பிடிக்கிற சைகையைச் செய்தார். பார்த்தால் கால் கோட்டில், இரண்டே பாயிண்ட், 125-125. ஓவர்டைமில் 138-135 பேசர்ஸ். மில்லரே டிவிக்காக அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். சாட்சி செல்லாது என்று நான் தள்ளிய 1995 கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. காக்கா ஒன்றும் சொல்லவில்லை, தம்பியின் தோசையை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாளே தம்பி கணிப்பை மாற்றவேண்டும் என்றான். கூடாது. ஒரு ஆட்டத்தைப் பார்த்து மாற்ற அனுமதித்தால் நோட்டுக்கு மதிப்பில்லை. இடம் மாறுகிற நேரத்தில், அதாவது இரண்டு ஆட்டம் முடிந்து மூன்றாவதுக்கு முன், ஒரு தடவை மாற்றலாம். ஆனால் பழையதை அடித்து அருகில் எழுதவேண்டும், அழிப்பான் கிடையாது, ஜெயித்தாலும் பாதிப் பங்குதான். மாற்றுமுன் 2021-ஐ நினைத்துக்கொள்ளச் சொல்வேன். மில்வாக்கி 0-2 பின்னால் இருந்து ஃபீனிக்ஸை நாலு தொடர்ந்து அடித்தது, கடைசி ஆட்டத்தில் மில்வாக்கியின் யானிஸ் ஐம்பது பாயிண்ட், ஃப்ரீ த்ரோவில் பத்தொன்பதுக்குப் பதினேழு. மூன்று ஆட்டம் தோற்றபின் மாற்றுவதற்கு மட்டும் நான் யாரையும் தடுப்பதில்லை. எங்கள் நோட்டு எட்டிய வரைக்கும், 2025 வரை, 0-3-லிருந்து ஒரு அணியும் சீரிஸ் ஜெயித்ததில்லை. 2023-இல் பாஸ்டன் 3-3 வரை வந்தது, ஆறாவதில் அவர்களுடைய டெரிக் ஒயிட் பந்தை வளையத்துக்குள் தட்டிவிட்டபோது 0.1 விநாடிதான் மிச்சம். ஏழாவதில் சொந்த வீட்டில் மயாமியிடம் 103-84.

தம்பி மாற்றவில்லை. நிக்ஸ் இரண்டாவதிலும் தோற்றது. மூன்றாவதில் மறுபடி இருபது பாயிண்ட் பின்னாலிருந்து எழுந்து 106-100. அன்று காலை தம்பி எல்லோருக்கும் லட்டு கொண்டுவந்தான். நான் என் பங்குக்குப் பையனைப் பார்த்தேன். அவன், “மூணாவது தடவை விழுந்திருக்காங்க அமா” என்றான். ஜூன் 1, ஞாயிறு காலை, இண்டியானாபொலிஸில் 125-108. ஆறில் முடிந்தது.

தீர்க்கிற முறை. காசு வேண்டாம், காசு வந்தால் சிநேகம் போகும், நான் பார்த்திருக்கிறேன். அணியும் தவறு, எண்ணிக்கையும் தவறு என்றால் எல்லோருக்கும் ஒரு வாரம் லப்பேயே, அதாவது பர்மிய டீ, அவரவர் கேட்கிற இனிப்பில். அணி சரி, எண்ணிக்கை தவறு என்றால் வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். காக்கா அந்த வகையில் தப்பினார். எண்ணிக்கை சரி, அணி தவறு என்பதற்கு அதுவரை எங்களிடம் விதி இல்லை. தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். ஆறு என்று எழுதினேன், ஆறில்தானே முடிந்தது, பாதி மதிப்பெண் வேண்டும் என்று இரண்டு நாள் வாதாடினான். கடைசியில் மூன்று நாள் டீ என்று தீர்ப்பு. நான் ஏழு நாள் கொடுத்தேன், கடைக்காரியே டீ வாங்கித் தருவதை எதிர்க் கடைக்காரர் நின்று பார்த்தார்.

அடுத்த சீரிஸுக்குப் பக்கத்தைக் கோடு போட்டு வைத்துவிடுங்கள், ஆட்டத்தன்று காலை கோடு போட நேரம் இருக்காது. பேனாவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இப்போது எங்கள் ஆணியில் தொங்குவது ஐந்தாவது பேனா, முதலிரண்டை எடுத்துப்போனவன் யாரென்று தெரியும். மற்ற இரண்டும் நூலோடு போயின.